நோயற்ற தீவும் நாய்க்கு ஓர் ஊசியும்

நாயைப் போற்றுவது தமிழர்க்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது; ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. போரில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நடப்பெற்ற அக்கல்லில் அவனுடைய நாயும் உடன் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணைநின்றது என்று கல்வெட்டே சான்று பகர்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தவர்களின் வழிவந்த நாம், இன்று நம் வீட்டு நாயின் பெயரை ஒரு தடுப்பூசி அட்டையில் எழுதிவைக்கத் தயங்குகிறோம். இத்தயக்கம் ஏன் வந்தது, அதனால் விளையக்கூடிய கேடு என்ன என்பதைக் கடல் கடந்து வந்து வாழும் நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

சிறிய அந்தமான் தீவின் கிழக்குக் கரையில் அமைந்தது எங்கள் ஹட் பே. இங்கே இடங்களுக்குப் பெயர் இருந்தாலும் மக்கள் வழங்குவது கிலோமீட்டர்க் கணக்குத்தான். தென்னையும் கமுகும் சூழ்ந்த அந்த ஒற்றைச் சாலை நெடுகிலும் வங்காளியரும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ராஞ்சிக்காரர்களும் கலந்து வாழ்கிறோம். நிக்கோபாரிய மக்களின் குடியிருப்பும் உண்டு. தீவின் வடக்கே டுகாங் கிரீக்கில் இத்தீவின் பழங்குடியினரான ஓங்கே மக்கள் வாழ்கின்றனர். மொழி பலவாயினும் எல்லா வீட்டு வாயிலிலும் ஒரு நாய் படுத்திருக்கும். எல்லா அடுக்களையிலும் ஒரு பூனை உலவும். தோட்டத்துக்குக் காவல் நாய். அரிசி மூட்டைக்குக் காவல் பூனை. கப்பல் வராத நாட்களில் நம் தனிமைக்கும் இவையே துணை.

கடைத்தெருவில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு நாய்க்கு ஊசி போட்டு அழைத்து வந்துகொண்டிருந்த ஒரு நாள், அவர் எங்களை நிறுத்திக் கேட்டார்.

"இந்தத் தீவிலதான் வெறிநாயே கிடையாதே, தம்பி! இல்லாத நோய்க்கு எதுக்கு ஊசி?"

"இல்லாமலே இருக்கணும்னுதான் அண்ணாச்சி" என்று சொல்லி வந்தோம். ஆயினும் அவர் வினா எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. அதில் உண்மை இருக்கிறது. நாய்களால் பரவும் வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதற்காக 2021-ல் இந்திய அரசு வகுத்த தேசியச் செயல்திட்டமே, அந்தமான் நிக்கோபார் தீவுகளும் லட்சத்தீவும் நீங்கலாக இந்தியா எங்கும் இந்நோய் நிலைத்திருப்பதாகக் கூறுகிறது. பரந்த பாரதத்தில் இரண்டே தீவுக் கூட்டங்களுக்குக் கிடைத்த பெருமை இது. அவ்விரண்டனுள் ஒன்றில் நாம் வாழ்கிறோம்.

ஆனால் இப்பெருமையின் தன்மையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நோய் இல்லாத தீவு வேறு; நோயை எதிர்க்கும் ஆற்றல் பெற்ற தீவு வேறு. நமது தீவு முதல் வகையைச் சேர்ந்தது. கடல் நம்மைக் காத்தது. நம் நாய்களின் குருதியில் காப்பு ஏதும் இல்லை. கடல் என்னும் அவ்வேலியில் ஒரே ஓர் ஓட்டை விழுந்தாலும், உள்ளே நுழையும் நோயைத் தடுக்க இரண்டாவது வேலி கிடையாது. அந்த இரண்டாவது வேலியின் பெயர்தான் தடுப்பூசி.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு நம் கிழக்கேயுள்ள இந்தோனேசியத் தீவுகள் சான்று. புளோரஸ் தீவு நெடுங்காலம் வெறிநோயற்றதாக இருந்தது. 1997-ல் வேறொரு தீவிலிருந்து படகில் கொண்டுவரப்பட்ட நாய்களோடு நோயும் கரையேறிற்று. பாலித் தீவும் அவ்வாறே தூய்மையாக இருந்தது. 2008-ன் பிற்பகுதியில் அங்கும் நோய் உறுதி செய்யப்பட்டது. அதுவும் படகில் வந்த நாயினால் நுழைந்திருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர் கருத்து. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே மாண்டனர். முதலில் நாய்களைக் கொன்று குவித்தார்கள், நோய் அடங்கவில்லை. கொல்லப்பட்ட நாய்களின் இடத்துக்கு மக்கள் வேறு இடங்களிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்தனர். அக்குட்டிகளோடு நோயும் ஊர் ஊராகச் சென்றது. பின்னர்த் தீவு முழுவதும் நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கியபோதுதான் நோய் பின்வாங்கிற்று. ஓர் ஊரின் நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குக் காப்பு இருந்தால் அங்கே இந்நோய் பரவ வழியின்றி அவிந்துவிடும் என்பது உலகம் பல ஊர்களில் கண்டறிந்த கணக்கு.

நம் தீவுகளுக்கு அவ்வாறு ஒரு நாய் வந்து சேர வழியுண்டா? உண்டு, அவ்வழி நாமேதான். விடுமுறையில் சென்னை சென்று திரும்பும் குடும்பங்களின் ஆசைகளுள் ஒன்று நல்ல இனத்து நாய்க்குட்டி. விற்பவர் நாற்பத்தைந்து நாள் குட்டியைத் தருகிறார். அதன் அழகைப் பார்த்துக் குழந்தைகள் மகிழ்கின்றன. ஆனால் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதற்குரிய வயது மூன்று மாதம். ஆகவே அக்குட்டி காப்பின்றியே பயணப்படுகிறது. இந்நோயின் கிருமி கடிவாயிலிருந்து நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்லும் இயல்புடையது. நோய் வெளிப்படச் சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். கப்பற் பயணமோ மூன்று நாள். விமானமோ இரண்டு மணி நேரம். தாயிடமோ தெருவிலோ நோய் தொற்றிய குட்டி, துள்ளி விளையாடிக்கொண்டே இத்தீவில் இறங்கிவிட முடியும். எனவே வெளியிலிருந்து நாய் கொணர விரும்புவோர் மூன்று மாதம் நிரம்பிய பின்னர் ஊசி போட்டு, மேலும் சில வாரங்கள் கழித்தே கொண்டுவருதல் முறை. ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடுவதில்லை.

வெறிநோயைப் பற்றி நம் பாட்டிமார் அறிந்திருந்ததெல்லாம் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசிகள்தாம். 1885-ல் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக இத்தடுப்பு மருந்தைச் செலுத்தினார். 1900-ல் கசௌலியிலும் 1907-ல் நம் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் எழுந்தன. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கிய மருந்து, ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. பல தலைமுறைகள் வயிற்றில் வாங்கிக்கொண்ட ஊசி அதுவே. இந்தியாவில் 2004-ன் இறுதியோடு அது நிறுத்தப்பட்டது. இன்று கையிலோ தோலிலோ போடும் சில ஊசிகள் போதும். கடிபட்டவுடன் காயத்தைச் சவக்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுவதும் தாமதமின்றி மருத்துவமனை செல்வதும் உயிர் காக்கும். நோய் வெளிப்பட்ட பின்னரோ மருத்துவத்தால் ஆவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வெறிநோய் பூனையையும் பற்றும் என்பதையும், பூனை கீறினாலும் கடித்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும் என்பதையும் நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருத்தல் நன்று.

இதுவரை சொன்னது இத்தீவில் இல்லாத நோயைப் பற்றி. இருக்கும் நோய்களும் உள.

மழைக்காலத்தில் அந்தமானில் வாழ்வோர் யாவரும் அஞ்சுவது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் கிருமி எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் வழியே சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்து, காலில் உள்ள சிறு புண் வழியே மனிதர் உடலில் புகுகிறது. இத்தீவுகளில் இந்நோய் உண்டென்பது 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அறியப்பட்டது, பின்னர் மறக்கப்பட்டது. 1980-களின் இறுதியில் வட அந்தமானில் காய்ச்சலோடு நுரையீரலில் குருதிக் கசிவும் கண்டு மக்கள் இறந்தபோது, காரணம் விளங்காமல் 'அந்தமான் குருதிக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயரிட்டனர். அதுவும் எலிக்காய்ச்சலே என்பது 1990-களில் தெளிவாயிற்று. இக்கிருமி நாயையும் தாக்கும். தாக்குண்டு பிழைத்த நாய் அதனைச் சிறுநீரில் நெடுநாள் வெளியிட்டுக்கொண்டிருக்கவும் கூடும். நாம் வெறுங்காலோடு நடக்கும் முற்றத்தில்தான் அந்த நாயும் நடக்கிறது. நாய்களுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோஸ்பைராவுக்கும் காப்பு உண்டு. அது எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதன்று. அதில் அடங்கிய வகைகளை மட்டுமே தடுக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே எலியை ஒழிப்பதும் செருப்பணிந்து வெளியே செல்வதும் ஊசிக்குத் துணையாக என்றும் வேண்டும்.

அரசுக் குடியிருப்புகளில் வாழும் நம்மனோர் அறியவேண்டிய மற்றொரு நோய் பார்வோ. 1978-ல் உலகின் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைகாட்டிய புதிய நோய் இது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையிலும் கண்டறியப்பட்டது. பூனைகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா என்னும் நோயின் கிருமிக்கு நெருங்கிய உறவுடையது இதன் கிருமி. குட்டி உண்ண மறுக்கும்; வாந்தி எடுக்கும்; குருதி கலந்து கழியும்; ஓரிரு நாளில் உடல் வற்றிச் சாகும். எங்கள் குடியிருப்பு வரிசையில் ஒரு வீட்டில் இவ்வாறு ஒரு குட்டி இறந்தது. அவ்வீட்டார் மாற்றலாகிச் சென்றபின் வந்த குடும்பம் சில மாதங்களில் வேறொரு குட்டியைக் கொண்டுவந்தது. அதுவும் அவ்வாறே இறந்தது. அந்த வீட்டுக்கு ஏதோ தோஷம் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டனர். தோஷம் என்பது மண்ணில் கிடந்த கிருமிதான். சாதாரண சோப்பு நீருக்கு அழியாமல் பல மாதங்கள் தரையிலும் மண்ணிலும் உயிர்த்திருக்கும் வலிமை அதற்குண்டு. வீட்டைச் சலவைத் தூள் கரைசலால் கழுவி, புதிதாக வரும் குட்டிக்கு ஊசிகளை முடித்த பின்னரே அங்கு விட்டிருந்தால், ஒரு குழந்தையின் அழுகையையாவது தவிர்த்திருக்கலாம்.

ஊசிகளை முடித்தல் என்று சொன்னது காரணத்தோடுதான். ஒரு முறை போட்டாயிற்றே என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். குட்டி பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் காப்பும் கலந்து வருகிறது. அக்காப்பு சில வாரங்கள் குட்டியைக் காக்கிறது. அதே நேரத்தில், நாம் போடும் ஊசி மருந்தையும் செயலற்றதாக்கி விடுகிறது. தாய் தந்த காப்பு எந்த நாளில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆதலால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை கூட்டுத் தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி. ஓராண்டு கழித்து மீண்டும். அதன்பின் மருத்துவர் குறிக்கும் நாளில். பூனைக் குட்டிக்கும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான். அலுவலகத்தில் நமக்குப் பணிப்பதிவேடு இருப்பது போல நாய்க்கும் பூனைக்கும் ஓர் அட்டை இருக்கிறது. பணிப்பதிவேட்டில் ஓர் ஆண்டுப் பதிவு விடுபட்டால் எத்தனை மேசைகளுக்கு அலைகிறோம்! அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு இந்த அட்டைக்குப் போதும்.

கூட்டுத் தடுப்பூசி தடுக்கும் நோய்களுள் டிஸ்டெம்பர் என்பதும் ஒன்று. இக்கிருமி வீட்டு நாயோடு நிற்பதில்லை. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் இந்நோயால் மடிந்தன. சுற்றியிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்தே அது காட்டுக்குள் சென்றதாகக் கண்டனர். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றுள் சிலவற்றிடம் இதே கிருமி காணப்பட்டது. நம் தீவில் சிங்கம் இல்லை. ஆனால் இக்கிருமி மனிதரின் தட்டம்மைக் கிருமிக்கு ஒரே குலத்து உறவு என்பதை அறியும்போது, அந்தமானின் பழைய துயரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1877-ல் வெளியிலிருந்து வந்த தட்டம்மை இத்தீவுகளின் பழங்குடி மக்களிடையே புகுந்து எண்ணற்றோரை வாரிச்சென்றது. அவர்கள் நலிந்தவர்கள் அல்லர். அந்நோயை முன்பின் அறியாதவர்கள். நோய் அறியாத தூய்மை, நோய் வந்த நாளில் எவ்வாறு பெருங்கேடாக மாறும் என்பதை இத்தீவுகளின் மண்ணே கற்பித்திருக்கிறது. வேறு பாடம் நமக்கு வேண்டியதில்லை.

நாய் என்பதே இத்தீவுகளுக்கு வந்தேறிய உயிர். 1858-ல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவிய பின்னரே நாய்கள் இங்கு வந்தன. காட்டுப்பன்றி வேட்டைக்கு நாயின் துணை பெரிதென்று கண்ட பழங்குடி மக்கள் அதனை விரும்பி ஏற்றுக்கொண்டனர். ஓங்கே மக்களின் வாழ்விலும் நாய் இன்று பிரிக்க முடியாத துணை. 2011-ன் மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் 101 பேர். நம் வீட்டு நாய்க்கும் அவர்கள் வேட்டை நாய்க்கும் இடையில் ஒரு காடுதான் இருக்கிறது. காடு நாய்க்கு மதில் ஆகாது. நாம் போடும் ஊசி நம் குழந்தைகளை மட்டும் காப்பதன்று. கடற்கரையைப் பெரும் ஆழிப்பேரலை அழித்த 2004 டிசம்பர் 26-க்குப் பின்னும் அழியாது நின்ற அச்சிறு இனத்துக்கு, பின்னர் வந்து குடியேறிய நாம் செலுத்தவேண்டிய கடனும் அதில் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாற்றல் உத்தரவு வந்ததும் பாத்திரம் பண்டங்களுக்குப் பெட்டி செய்கிறோம். நாயைத் தெருவில் விட்டுக் கப்பலேறுகிறோம். சில நாள் அது பூட்டிய கதவருகே காத்துக் கிடக்கிறது. பின்னர்க் கடற்கரைக்குச் சென்று மற்ற நாய்களோடு கூடி, கடலாமைகள் இட்டுச்சென்ற முட்டைகளைத் தோண்டித் தின்று திரிகிறது. அதற்கு ஊசி போடுவார் இல்லை. அதன் குட்டிகளைக் கணக்கெடுப்பாரும் இல்லை. ஊரில் எழுபது விழுக்காடு நிறைவேறாமல் போவது இவ்வாறுதான். உடன் கொண்டுசெல்ல இயலாதவர், ஊசியும் அறுவையும் முடித்து, அட்டையோடு வேறொரு குடும்பத்தின் கையில் ஒப்படைத்துச் செல்வதே அறம். அலுவலகத்தில் பொறுப்பை ஒப்படைக்காமல் நாம் நகர்வதில்லை அன்றோ?

செய்யத்தக்கது என்ன? பெரும் பொருட்செலவு ஒன்றுமில்லை. ஊசி மருந்து 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிர்ச்சியில் கப்பலில் வந்து சேரவேண்டும். பல நாய்களுக்கு உரிய மருந்து ஒரே குப்பியில் வருவதும் உண்டு. திறந்த குப்பியை நெடுநேரம் வைத்திருக்க இயலாது. ஒருவர் ஒரு நாயோடு போய் நிற்பதைவிடப் பத்து வீட்டார் ஒரே நாளில் கூடிச் செல்வது மருத்துவருக்கும் எளிது, மருந்தும் வீணாகாது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளை உலக வெறிநோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கோ அதனினும் நெருக்கமான நாள் ஒன்று உண்டு. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூச இங்கே பலரிடம் மாடில்லை; வாயிலில் நாய் இருக்கிறது. ஹட் பே தமிழர்கள் அந்நாளை ஒட்டிக் கால்நடை மருத்துவமனையாரோடு பேசி, ஒரு வேலை நாளை ஊசி நாளாக அமைக்கலாம். வங்காளி வீட்டு நாயும் நிக்கோபாரி வீட்டு நாயும் அவ்வரிசையில் நிற்கட்டும்; கிருமி மொழி பார்ப்பதில்லை.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வெள்ளம் வந்தபின் எழுப்பும் அணையை எல்லாரும் காண்பர், எழுப்பியவரைப் பாராட்டுவர். வருமுன் கோலிய அணைக்கு அந்தப் புகழ் இல்லை. வெள்ளம் வராததால் அணை எதற்கு என்ற கேள்விதான் எழும். கடைத்தெருப் பெரியவரின் கேள்வி இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் இத்தீவில் கேட்கப்படுமானால், வேலி நன்றாக நிற்கிறது என்பதே அதன் பொருள்.